வெறுமனே திருப்பாத டப்பா

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் என்னைக் காணும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அந்தக் காலத்தில் இருமுகிறவர்களுக்கு நடுவில் போய் வந்தீர்களே, பயமாக இருக்கவில்லையா?" இருந்தது. ஆனால் எனக்குத் தொற்றிவிடும் என்பதல்ல என் பெரிய பயம். தவறான ஆளைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டு, சரியான ஆளைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேனோ என்பதுதான். அந்தப் பயம் ஒருநாள் என் கண் முன்னால் வந்து நின்றது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனேயே இறங்கும் இடத்தைத் தாண்டிவிட்டோமோ என்று எட்டிப் பார்க்கிற ஆள் நான். அப்பா றப்பர் பால் வெட்டப் போன இடத்தில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது பள்ளிக்கூடத்தை விட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தல் கழுவினேன். கட்டுப் போடப் பழகினேன். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவான் என்ற ஒரே காரணத்துக்காக இரத்தினபுரி நெஞ்சு நோய்க் கிளினிக்கில் என்னை எடுத்துக்கொண்டார்கள். தோட்டந் தோட்டமாகப் போய் இருமுகிறவர்களைத் தேடுவது, சளி எடுக்க டப்பா கொடுப்பது, மருந்தை நடுவில் விட்டவர்களைப் பிடித்து வருவது என் வேலை. லயத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'சளி ஐயா'. தூரத்தில் என் குடையைக் கண்டதும் ஒன்றுக்கொன்று பார்த்து இருமிக் காட்டும். கிளினிக்கில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று தெரியாதவர்கள் உங்களில் இருக்கலாம். காலையில் எல்லோரும் கூடுகிற பிரட்டுக்களத்தில் வேலை கொடுத்து எழுதுவதுதான் பேர். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர். வேலையை விட்டு நிறுத்துவதைப் 'பேர் வெட்டுவது' என்பார்கள். பேர் போனால் அரிசி போகும், மெல்ல மெல்லக் குடியிருக்கிற காம்பராவும் போகும். சயரோகம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், 'பேர் வெட்டுற நோவு' என்பார்கள். நாம் நோயைத் தேடி லயத்துக்குள் நுழைகிறோம் என்று நினைக்கிறோம். அவர்கள் பார்வையில் நாம் பேர் வெட்டப் போகிறவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்று. எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கீழ் லயத்தில் நடக்கப் பழகாத ஆண் குழந்தை ஒன்று மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இது சயரோகத்தால் வந்த மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு எங்கள் கிளினிக்குக்குச் சொல்லியனுப்பினார். அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது தானாக வராது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருமிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பெரியவரைக் கண்டுபிடிக்க என்னை அனுப்பினார்கள். கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த பிள்ளை.

இருமல் உள்ளவர்களுக்கு மட்டும் டப்பா கொடுக்கத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் இருமல் யாருக்கு என்று கேட்டால் யார் கை தூக்குவார்கள்? பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுப்பது என்று முடிவு செய்தோம். மறுநாள் விடிந்ததும் வருகிற முதல் சளியை அதில் துப்பி, மூடி போட்டுத் தர வேண்டும். இதைப் பிரட்டுக்களத்தில் சொல்லும்படி தலைவர் கங்காணியைக் கேட்டேன். மனுசன் நல்லவர், பேச்சில் கெட்டிக்காரர். இப்படிச் சொன்னார்:

"டாக்டர் ஐயா வீட்டுக்கு வீடு சாமான் குடுத்து விட்டிருக்காரு. வந்த சாமான வெறுமனே திருப்புற பழக்கம் நம்ம சனத்துக்கிட்ட இல்ல. நாளைக்குக் காலையில எல்லாரும் நெறவாக் குடுக்கணும், என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் டப்பாக்கள் திரும்பி வந்தன. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. எந்தத் தோட்டத்திலும் அப்படி நடந்ததில்லை. வழக்கமாகப் பாதி டப்பா தொலைந்துபோகும், சிலதில் பிள்ளைகள் விளக்குத் திரி போட்டுக் கொளுத்தியிருக்கும். கங்காணியின் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று சந்தோசப்பட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரிப்போட் வந்தது. ஒரே ஒரு டப்பாவில் கிருமி. கிருமியும் கொஞ்சமல்ல. பெயர் பாக்கியம்.

பாக்கியம் பால் வெட்டுகிற இளம்பெண். இறந்த பிள்ளையின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா, இடையில் ஒற்றைச் சுவர். கணக்கு நேராக வந்துவிட்டது. ஆனால் அவளுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது, தாய்ப்பால் குடிக்கிற பெண் குழந்தை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். ரிப்போட்டை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு பிள்ளை போனது காணும், இன்னொண்டு போக வேண்டாம். நீர் இவவை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் வார்டில விட்டிட்டு வாரும். பிள்ளையை மட்டும் தாயிட்டை விட வேண்டாம், விளங்குதோ?"

அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. கையில் இருந்த ரிப்போட்டுக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்பதால் டிஸ்பென்சரியில் பால்மா கொடுத்தார்கள். கொண்டுபோக ஏனம் இல்லை. என் சாப்பாட்டு டின்னைக் கழுவி அதில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனேன். பாக்கியமும் புருசன் ஆறுமுகமும் வாசலில் நின்றார்கள். விசயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை எடுத்து, ஏதோ தன் மேல் நெருப்புப் பற்றிய மாதிரி, மெதுவாகத் தள்ளிச் சாக்கில் படுக்க வைத்தாள்.

"இருமலே இல்லீங்களே ஐயா இவளுக்கு," என்றான் ஆறுமுகம்.

சிலருக்கு ஆரம்பத்தில் இருமல் தெரியாது என்று படித்த பாடத்தை ஒப்பித்தேன். பாக்கியம் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். "அப்ப அந்தப் புள்ள…" என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. நான் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் அப்படிக் கேட்கும்போது கூரையைப் பார்ப்பதும் ஒரு பதில்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு லயமே நிம்மதிப்பட்ட மாதிரி ஒரு பதில் கிடைத்தது. பிள்ளைக்காம்பரா ஆயா மாரியாயி. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. மாரியாயி அங்கேயே பக்கத்து அறையில் தனியாக இருந்தாள். புருசன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான், சொந்தப் பிள்ளை இல்லை. அந்தத் தோட்டத்தில் ஓடித் திரிகிற பிள்ளைகள் எல்லாம் அவள் தொட்டிலில் கிடந்தவைதான்.

"பகலைக்கு எங்கிட்டத்தானே கெடக்குது. ராவைக்கும் எங்கூடவே படுத்துக்கட்டும். நீ போய்ச் சொகமாக்கிட்டு வா," என்றாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் நெஞ்சுப் பாரம் குறைந்தது.

கூட்டிக்கொண்டு போகிற நாள் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. தாய்மார் வீட்டில் இருந்ததால் பிள்ளைக்காம்பராவும் வெறுமையாகக் கிடந்தது. அதனால் மாரியாயியும் வழியனுப்ப றோட்டுக்கு இறங்கி வந்தாள், பாக்கியத்தின் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் போர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு. ஆறுமுகம் துணிப்பெட்டியை றோட்டுவரை தூக்கி வந்தான். மலையிலிருந்து சறுக்குப் பாதையில் இறங்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. பாக்கியத்துக்கு வாங்கவில்லை. வழி முழுக்க அவள் ஒருதரம்கூட இருமவில்லை. ஏதோ சரியில்லை என்று பட்டது. எதிலும் எனக்கு அப்படிப் படும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்றோம். பாக்கியம் துணிப்பெட்டிக்குள் கையை விட்டு என் சாப்பாட்டு டின்னை எடுத்து நீட்டினாள். பளபளவென்று சாம்பல் போட்டு விளக்கியிருந்தாள். வாங்கினால் கனத்தது. உள்ளே வறுத்த பலாக்கொட்டை.

"இந்த நேரத்துல இது எதுக்கும்மா?" என்றேன்.

"வெறுஞ் சாமானத் திருப்பக்கூடாதுங்களே," என்றாள்.

டின்னைப் பைக்குள் வைத்தேன். வளைவுக்கு அப்பால் பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் மாரியாயி இருமினாள். நல்ல ஆழத்திலிருந்து வருகிற இருமல். பிள்ளைக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பி, தலைப்பால் வாயை இறுக்கிப் பொத்தி, பழகிப்போன ஆள் இருமுவது போல.

வெறுஞ் சாமானத் திருப்பக்கூடாது. ஒன்றுகூட வெறுமையாகத் திரும்பி வராத டப்பாக்கள். சளியே இல்லாதவர்கள் அதில் எதைப் போட்டுத் தந்தார்கள்?

குனிந்து துணிப்பெட்டியைச் சரி செய்கிற மாதிரிப் பாக்கியத்திடம் கேட்டேன். "அன்னைக்குக் குடுத்த டப்பா… அதுல நீயேதான் துப்புனியா?"

அவள் பயந்துவிட்டாள். "எனக்கு எங்கங்க சளி? ஓங்கரிச்சுப் பார்த்தேன், எச்சிதான் வந்துச்சு. வெறுமனே குடுத்தா ஐயா கோவிச்சுக்குவீங்கன்னு… புள்ளைய விடப் போகையில மாரியாயி அக்காகிட்டக் கேட்டேன். ஒங்களுக்குத்தான் பொங்குதே, எனக்குங் கொஞ்சம் கடன் குடுங்கன்னு சும்மா சிரிப்புக்குத்தாங்க சொன்னேன். அக்காதான் வாங்கித் துப்பிக் குடுத்துச்சு. அது குத்தமாங்க?"

பஸ் வந்து நின்றுவிட்டது.

தம்பிமாரே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். புத்தகத்தில் எல்லாம் இருக்கும், பஸ் வந்து நிற்கிற அந்த நிமிடம் இருக்காது. என் முன்னால் இருந்தது இதுதான். வார்டில் விடச் சொன்ன பெண்ணுக்கு நோய் இல்லாமல் இருக்கலாம். நோய் இருக்கக்கூடிய பெண்ணின் தோளில் பிள்ளை. நான் பேசாமல் ஏறிப் போனால் பிள்ளை பகலும் இரவும் அவளோடு. அத்தனை பேருக்கு முன்னால் "பிள்ளையைக் கொடு, நோய் உனக்குத்தான்" என்று சொன்னால், மலை ஏறுமுன் லயம் முழுக்கத் தெரியும். மாரியாயி அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைப் பக்கமோ எங்கேயோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கும். சரி, பிள்ளையை வாங்கிப் பாக்கியத்திடமே கொடுப்போமா? என் யோசனை பிழையாக இருந்து நோய் அவளுக்கும் இருந்தால்? டாக்டர் ஐயா வேண்டாம் என்று சொன்ன ஒரே விசயத்தை நானே செய்தவனாவேன்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இரண்டு கைகளையும் நீட்டினேன். "யக்கா, புள்ளைய இங்கிட்டுக் குடுங்க. புள்ளைக்கும் நெஞ்சுப் படம் புடிக்கணுமாம், மறந்தே போனேன். நீங்களும் ஏறுங்க. படம் புடிக்கையில கிட்ட நிக்க வேற ஒரு பொம்பள வேணும்."

"அதுக்கு நீங்க ஏங்க தூக்குறீங்க? நானே வச்சுக்கிறேனே."

"பஸ்ஸுல நான் வச்சுக்கிறேன். குடுங்கக்கா."

ஆறுமுகம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். சளி ஐயாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். மாரியாயி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஏறினாள். அவளுக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மழைக்குப் பஸ்ஸில் எல்லாச் சட்டரும் இறக்கியிருந்தது. உள்ளே மூச்சுவிட இடமில்லாத சனம், புழுக்கம். மாரியாயியைக் கடைசி வரிசையில் ஓரத்தில் உட்கார வைத்துச் சட்டரைத் தூக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த கிராமத்துப் பெண், நனைகிறதே, மூடு என்று சிங்களத்தில் சத்தம் போட்டாள். "மே அம்மாட்ட வமனே எனவா," என்றேன். இந்த அம்மாவுக்கு வாந்தி வருகிறது என்று அர்த்தம். வாந்திக்கு மட்டும் எந்தப் பஸ்ஸிலும் இடம் கிடைக்கும். எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் பிள்ளையோடு முன்னால் வந்து, டிரைவருக்குப் பின்னால் நின்றேன். பாக்கியம் நடுவில். கண்டக்டர் டிக்கட் கொடுத்துக்கொண்டே "மாத்தயாகே பபாத?" என்று, இது ஐயாவின் பிள்ளையா என்று, கண்ணடித்துக் கேட்டான். பதில் சொல்லுமுன்னர் பிள்ளை என் வெள்ளைக் காற்சட்டையை நனைத்துவிட்டது. பஸ்ஸே சிரித்தது. இரத்தினபுரி போய்ச் சேரும்வரை பின்னால் வருகிற ஒவ்வொரு இருமலுக்கும் நான் பிள்ளையின் முகத்தை என் சட்டைக்குள் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

கிளினிக்கில் எங்கள் டாக்டர் சிங்கள மனுசன், அதிகம் பேசாதவர். என்னைப் பழக்கியவர் அவர்தான். ஈரக் காற்சட்டையோடு, பிள்ளையோடு, ஒரு ஆளைக் கொண்டுவரச் சொன்னால் இரண்டு ஆளைக் கொண்டு வந்து நிற்கிற என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடந்ததை ஒரு மூச்சில் சொன்னேன். பிழையாக இருந்தால் என் வேலை போகட்டும், சேர் என்றும் சொன்னேன். அவர் இரண்டு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "வேலையைப் பற்றிப் பிறகு யோசி. இந்தத் தடவை துப்புவதைக் கண்ணால் பார்."

பாக்கியத்துக்கு எவ்வளவு முயன்றும் எச்சில்தான் வந்தது. மாரியாயி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தை ஓரத்தில் மழையைப் பார்த்து நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். துப்பு என்று சொல்லவில்லை. அவளே பேசினாள்.

"என்னோட டப்பாவுல வாயக் கொப்புளிச்சு எச்சியத் துப்பி வச்சிருந்தேங்க. பேரு வெட்டிருவாங்கன்னு பயம். பொறகு இவ வந்து வெளையாட்டாக் கேட்டா. அந்தப் புள்ள செத்ததுல இருந்து எனக்கு உள்ளுக்குள்ள ஒரே அரிப்புங்க. எனக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும். பேரு மட்டும் என்னோடதா இருக்கக்கூடாது. அவ டப்பாவுல இருந்தா, டாக்டர் ஐயா அவளத் தட்டிப் பார்த்துட்டு ஒனக்கு இல்லன்னு சொல்லிருவாரு, எனக்கு வெளங்கிரும்னு நெனச்சேன். கையோட கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனைக்கல."

"அப்பறமும் புள்ளைய வாங்கிக்கிட்டீங்களேக்கா."

"வாங்கலைன்னா ஏன் வாங்கலைன்னு கேப்பாங்களே," என்றாள். "மூஞ்சில மூச்சு விடமாட்டேங்க. திரும்பிக்கிட்டுத்தான் இருமுவேன். அப்படித்தான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேன். அந்தப் புள்ளையையும்." டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அது என்னாலயாங்க போச்சு?"

கூரையைப் பார்க்க எனக்கு இந்தத் தடவை மனம் வரவில்லை. இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? எந்தப் பரிசோதனையும் இனி அதைச் சொல்லாது. ஆமாம் என்று நான் தலையாட்டினால் அந்தப் பெண் மருந்து குடிக்கவா போகிறாள்? கஹவத்தைக்குத் திரும்புகிற வழியில் எத்தனை பாலம், எத்தனை ஆறு. பிறகு கேட்டேன்.

"யக்கா, ஒங்களுக்கு இது யாருக்கிட்ட இருந்து வந்துச்சு?"

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்?"

"தெரிஞ்சா அவங்களப் போய் ஏசுவீங்களா?"

மூடியைத் திருகுவதை நிறுத்தினாள். பிறகு மூடியைத் திறந்து துப்பினாள். வெள்ளையில் சிவப்புக் கீற்று ஓடியது. நான் சொன்னது சரியோ பிழையோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதைவிடச் சரியான பதில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. பாக்கியத்தின் படம் சுத்தம், சளியில் ஒன்றுமில்லை. மாரியாயியின் மேல் நுரையீரலில் ஓட்டை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். பாக்கியம் என்னிடமிருந்து பிள்ளையைப் பறித்த மாதிரி வாங்கிக்கொண்டு, மறைவிடம்கூடத் தேடாமல், விறாந்தைச் சுவரோடு திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். வார்டுக்குப் போகுமுன் மாரியாயி தூரத்தில் நின்று அதைப் பார்த்தாள். கிட்ட வரவில்லை.

திரும்பி வந்து டாக்டர் ஐயாவிடம் சொன்னபோது, "உம்மை ஆர் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது?" என்று தொடங்கியவர், முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு ஏறினார். மாரியாயியின் பேரை வெட்டக்கூடாது, வெட்டினால் இனிமேல் இந்தத் தோட்டத்தில் ஒருத்தரும் உண்மையான சளி தர மாட்டார்கள் என்று வாதாடினார். எனக்குத் தெரிந்து அந்தப் பகுதியில் அந்த நோய்க்காகப் பேர் வெட்டப்படாத முதல் ஆள் அவள்தான். பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள் எல்லோரையும் இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒன்றுக்குக் கழுத்தில் கட்டி, இன்னொன்றுக்கு நெஞ்சில் மங்கல். இரண்டும் மருந்தில் பிழைத்தன. பாக்கியத்தின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

இறந்த பிள்ளையின் தாய் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பீலிக்கரையில் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றால் நான் மேல் பாதையால் போவேன்.

ஊசிக் காலம் முடிந்து வார்டிலிருந்து மாரியாயி திரும்பி வந்தாள், பாக்கி மருந்தைத் தோட்டத்திலிருந்தே குடிக்க. பிள்ளைக்காம்பராவுக்குப் போக முடியாது, அவளும் கேட்கவில்லை. புல்லு வெட்டில் போட்டார்கள், இருக்க வேறு காம்பரா கொடுத்தார்கள். இனி அவளால் தொற்றாது என்று வீடு வீடாகச் சொன்னேன். தலையை ஆட்டுவார்கள், ஆனால் அவள் வாசலுக்கு ஒருத்தரும் போக மாட்டார்கள். தீக்குச்சி கேட்டாலும் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் பயந்தது இதற்குத்தான். மருந்தைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் மருந்து கசந்து விடுவதில்லை, மனிதர் கசந்து விடுகிறார்கள்.

ஒருநாள் மாத்திரை கொடுக்கப் போனபோது மாரியாயியின் அடுப்படியில் அவளுக்குச் சொந்தமில்லாத வெண்கலக் கிண்ணம் ஒன்று இருந்தது. பாக்கியம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்துவிட்டிருந்தாளாம். மாரியாயி அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன போட்டுத் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் குடுக்குறத அவ வாங்குவாளாங்க?"

"வெறுமனே திருப்பக்கூடாதுல்ல," என்றேன்.

கொய்யாப் பழம் நாலைந்தைப் போட்டு அனுப்பினாள். அடுத்த முறை நான் போனபோது கிண்ணம் மறுபடியும் அவள் அடுப்படியில் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தது. மருந்தை அவள் ஒரு நாளும் விடவில்லை. நான் பேசிய பேச்சைவிட அந்தக் கிண்ணம் செய்தது அதிகம்.

நீங்கள் என்னிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டப்பாவைக் கொடுக்கும்போது, "வரலைன்னா வெறுமனே கொண்டாங்க, அதுவும் எங்களுக்குத் தேவை" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். நம் சனத்துக்கு அது பழக்கமில்லாத காரியம். சொல்லாவிட்டால் மரியாதைக்காகவாவது நிரப்பித்தான் தருவார்கள். நிரம்பி வந்ததை வைத்து நாம் யாரையாவது தாயிடமிருந்து பிரித்துவிடுவோம்.

மருந்து முடிகிற காலத்தில் கடைசிப் பரிசோதனைக்கு மாரியாயிக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் சனம் நிறைய நின்றது. அவள் வரிசையில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று, எல்லோரும் போன பிறகு கிட்ட வந்தாள். டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள். மூடியைத் திறந்தேன். ஈரம்கூட இல்லை.

"விடியக்காலையில இருந்து ஓங்கரிச்சுப் பார்த்துட்டேங்க. ஒன்னும் வரல." தலையைக் குனிந்துகொண்டாள். "வெறுமனே குடுக்குறேன். தப்பா நெனைக்காதீங்க ஐயா."